சாவியை வாசலில் தொங்கவிடலாமா?

பாளையங்கோட்டையில் என் அண்ணன் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே, தாயார் போடும் வற்றல், வடகம் விற்பதற்கு இணையத்தில் ஒரு கடை திறந்திருக்கிறாள். சென்ற வாரம் போயிருந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கூரியர் கம்பெனியின் கணினியிடம் பார்சல் கட்டணம் கேட்டால், பதில் என் பக்கத்துக்கு வராமல் பிரௌசர் மறிக்கிறது!"

முன்பெல்லாம் இணையப் பக்கத்தில் ஒரு வரி மாற வேண்டுமானாலும் பக்கம் முழுவதும் திரும்ப வர வேண்டும். ஒரு கரண்டி சட்னிக்காக இலையையே மாற்றிப் போடுவது போல! 1999-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 இதற்கு ஒரு வழி செய்தது. பக்கம் இருந்தபடி இருக்க, ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் பின்கட்டு வழியாகப் போய்த் தகவல் வாங்கி வரும். 2005-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இதற்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். பிரௌசருக்குள்ளேயே கடிதம் எழுதும் 'ஸோஹோ ரைட்டர்' வந்ததும் அதே வருஷந்தான். அந்த ஸோஹோவுக்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலே காரியாலயம் இருப்பது நம் சீமைக்குப் பெருமை அல்லவா?

சரி, பிரௌசர் ஏன் மறித்தது? நீங்கள் ஒரு ஜன்னலில் பாங்குக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்து ஜன்னலில் ஏதோ புடைவைக் கடை. அந்தக் கடையின் நிரல் உங்கள் பாங்கு இருப்பைக் கேட்டு வாசித்துவிட்டால்? ஆகையால், பதில் தரும் தளம் 'இன்னார் வாசிக்கலாம்' என்று அனுமதி எழுதி அனுப்பினாலொழிய, பிறர் தளத்தின் பதிலைப் பிரௌசர் கொடுக்காது. கூரியர் கம்பெனி அப்படி எழுதவில்லை.

எனக்கு வேறு சந்தேகம் வந்தது. "அவர்கள் கொடுத்த ரகசியச் சாவியை எங்கே வைத்திருக்கிறாய்?"

"அந்த ஜாவாஸ்கிரிப்டிலேதான். யார் பார்க்கப் போகிறார்கள், அத்தை?"

பக்கத்தின் மூலத்தைத் திறந்து காட்டினேன். சாவி பளிச்சென்று தெரிந்தது. கடைக்கு வருகிறவர் எவரும் அதை எடுத்து இவள் கணக்கில் பார்சல் அனுப்பலாம். பில் இவளுக்கு வரும்! பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏட்டி, என்ன சாவி தொலைஞ்சு போச்சு?" என்று அடுக்களையிலிருந்து மதினி கேட்டார்கள்.

அன்றிரவே பழைய சாவியை ரத்து செய்து புதிது வாங்கினாள். அதைத் தன் சொந்த சர்வரில் வைத்தாள். இப்போது பக்கம் பின்கோடு எண்ணை மட்டும் அந்தச் சர்வரிடம் சொல்லும். கூரியரிடம் கட்டணம் கேட்டு வருவது சர்வரின் வேலை. சொந்த வீட்டுப் பதில் என்பதால் பிரௌசரும் மறிப்பதில்லை. வற்றலின் விலையையும் பிரௌசர் சொல்கிறபடி எடுத்துக்கொள்ளாமல் சர்வரிலேயே கூட்டச் சொன்னேன். யாராவது சமர்த்தர் கால் கிலோவை ஒரு ரூபாய் என்று மாற்றி அனுப்பினால் மதினி என்னைச் சும்மா விடுவார்களா?

மறுநாள் காலை தாம்பரத்துக்கு முதல் பார்சல் போயிற்று. சுண்டை வற்றல், அரைக் கிலோ.