சிவப்பு இலையும் வெள்ளைப் பூவும்



நத்தார் விடுமுறை முடிந்து களப்பணிக்குத் திரும்பிய வாரத்தில் மஹய்யாவையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த அம்மாவின் பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். இவர் 2009இல் கணவனையும் மகனையும் இழந்து, முகாமில் இருந்து, பிறகு உறவுகளைத் தேடி மஹய்யாவைக்கு வந்து சேர்ந்தவர். மகள் குவைத்தில் வேலை செய்கிறார். பத்து வயதுப் பேத்தியை இவர்தான் வளர்க்கிறார்.

வாசலில் உடைந்த பூச்சட்டியும், பிடுங்கி எறிந்த ஒரு செடியும் கிடந்தன. "அந்தச் செகப்புப் பூதான் மிஸ், பூனைய கொன்னுருச்சு" என்றார்.

அது பொயின்செட்டியா. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் தவணை முடிவில் கொடுத்தது. அவள் அதைக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நத்தாருக்கு முந்தின நாள் பூனைக்குட்டி வாந்தி எடுக்கத் தொடங்கியது. பிறகு சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் செத்துப் போயிற்று. "நான்தானே கொண்டு வந்தேன்" என்று பிள்ளை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

ஒரு பூனைக்குட்டிக்கு இவ்வளவா என்று நம் வாசகியர் கேட்கமாட்டீர்கள். இடம்பெயர்ந்த அன்று மாட்டின் கயிற்றை அவிழ்த்து விட்டு வந்ததை இன்றும் சொல்லி அழும் சகோதரிகளை நான் அறிவேன்.

பொயின்செட்டியா மெக்சிகோ நாட்டுச் செடி. நம் மலையகத்தில் வேலியோரங்களிலும் வளர்கிறது. சிவப்பாகத் தெரிவது பூவல்ல, இலை. அது கொடிய நஞ்சு என்ற பயத்தின் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1919இல் ஹவாய்த் தீவில் இராணுவ அதிகாரி ஒருவரின் குழந்தை அதன் இலையைத் தின்று இறந்ததாகக் கதை பரவியது. அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. அமெரிக்க நச்சுத் தகவல் நிலையங்களுக்கு வந்த 22,793 பொயின்செட்டியா முறைப்பாடுகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியானது. அவற்றில் ஒரு மரணமும் இல்லை. பூனையோ நாயோ அந்த இலையைக் கடித்தால் பால் பட்டு வாய் எரியும், எச்சில் வடியும், சிலவேளை வாந்தி வரும். அவ்வளவுதான்.

அப்படியானால் குட்டி எதனால் செத்தது? எனக்குத் தெரிந்த கால்நடை வைத்தியர் ஒருவரிடம் கேட்டேன். "வீட்டில் வேறு பூ இருந்ததா? வெள்ளையாக, குழல் மாதிரி?" என்று அவர் திருப்பிக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது. மேசையில் போத்தல் ஒன்றில் வாடிய லில்லிப் பூக்களைப் பார்த்திருந்தேன். கீழே விரித்திருந்த துணியில் செம்மஞ்சள் தூள் கொட்டிக் கிடந்தது.

லில்லி நாய்க்கு வயிற்றைக் கலக்குவதோடு சரி. பூனைக்கு அது சிறுநீரகத்தையே அழித்து விடும். இலை, இதழ், மகரந்தம் எல்லாமே ஆபத்து. பூ நின்ற தண்ணீரும் ஆபத்து. உடம்பில் ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கினாலே போதும். முதலில் வாந்தி வரும், பிறகு கொஞ்சம் தேறியது போல இருக்கும், அதனால் நாமும் ஏமாந்து விடுவோம். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். 18 மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய் சேலைன் ஏற்றினால் பிழைக்க வாய்ப்பு அதிகம். 'பீஸ் லில்லி' என்று விற்கும் சட்டிச் செடி பெயரில் மட்டுமே லில்லி. அதுவும் அந்தூரியம், மணி பிளான்ட் போன்றவையும் வாயை அரிக்கச் செய்பவை. அரைகுறையாக அவிந்த சேம்பங்கிழங்கு நம் தொண்டையை அரிப்பது போலத்தான், ஊசி மாதிரியான நுண்ணிய பளிங்குகள் குத்துவதால் வருவது. ஈரத் துணியால் வாயைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஆடு வளர்க்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பூசை முடிந்த மாலைகளை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடுவது நம்மிடையே வழக்கம். அதில் அலரி இருந்தால் போடவே கூடாது. பச்சை அலரி கசப்பதால் ஆடு ஒதுக்கும். காய்ந்து மற்றப் பூக்களோடு கலந்து கிடந்தால் தின்றுவிடும். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, இதயத்தைத் தாக்கும். மரவள்ளி இலை வேறு மாதிரி. பசித்த ஆடு பச்சையாக நிறையத் தின்றால் சில நிமிடங்களிலேயே விழலாம், வெட்டி வெயிலில் நன்றாகக் காயவிட்டால் நஞ்சு பெருமளவு குறையும். வாழ்வாதார உதவியாக ஆடு கொடுக்கும்போது இதையும் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

எதைத் தின்றாலும் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று வாயில் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். பூனைக்குப் பனடோல் கொடுக்கவே வேண்டாம், அதுவே அதைக் கொல்லும். தின்ற செடியில் ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு, தின்ற நேரத்தையும் குறித்துக்கொண்டு, அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். கண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையும் இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்குக் கால் வரவில்லை. லில்லியைக் கொண்டு வந்தவர் அந்த அம்மாதான், வேலை செய்யும் வீட்டிலிருந்து. அன்றைக்கு அந்தப் பாதையால் போகாமல் இருந்திருந்தால் மகன் இருந்திருப்பான் என்று இத்தனை வருடமாகத் தன்னையே குற்றஞ்சாட்டிக் கொண்டிருப்பவர். அவர் தலையில் இன்னொன்றையும் வைப்பதா? ஆனால் சொல்லாவிட்டால் அதைப் பத்து வயதுப் பிள்ளை சுமக்கும்.

பிள்ளை தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துப் படியில் உட்கார்ந்து சொன்னேன். குட்டியைப் பரிசோதிக்காததால் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது என்றும், ஆனால் அந்த மூன்று நாளும் லில்லிக்குத்தான் பொருந்துகிறது என்று வைத்தியர் சொன்னதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "குப்பையில போடப் போனாங்க மிஸ். நல்லாருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

பேத்தி வந்ததும் அவரே கூப்பிட்டார். "ஒன் செடி இல்லடா. அம்மாயி கொண்டாந்த வெள்ளப் பூவுதான்." பிள்ளை அவரைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதுதானே அம்மாயி" என்றாள்.

போன கிழமை போனபோது அந்தப் பொயின்செட்டியாத் தண்டைப் பால்மா டின் ஒன்றில் ஊன்றியிருந்தார்கள். இரண்டு துளிர் விட்டிருந்தது. புதுக் குட்டி இப்போதைக்கு வேண்டாமாம்.