தளம் மாறினால் பாடக் கோப்புகள் என்னாகும்?

ஜொகூர் பாரு: அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பாடக் கோப்புகளை ஏற்றிவந்த ஃபிராக் விஎல்இ தளத்தின் பயன்பாடு 2019 ஜூன் இறுதியில் முடிவுக்கு வந்தது. அடுத்து கூகள் கிளாஸ்ரூம்; 2020 ஜூனில் அதையும் உள்ளடக்கிய டெலிமா. தமிழ்ப்பள்ளிகளும் இதில் அடக்கம். கோப்பைத் தளத்தில் மட்டுமே வைத்திருந்தவர்கள் பயிற்சித்தாள்களை மறுபடி தயாரிக்க வேண்டியதுதான். பென்டிரைவில் ஒரு பிரதி இருந்தால் இந்த வேலை மிச்சம்.

பதிவேற்றிவிட்டால் மட்டும் பாடம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்துவிடாது. நகரில் வைஃபை உள்ள வீட்டில் நொடியில் ஓடும் காணொளி, தோட்டப்புறத்தில் அப்பா வேலை முடிந்து வந்த பிறகே கைக்குக் கிடைக்கும் பிரிபெய்ட் கைப்பேசியில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே பாடம் இரண்டு பக்க பிடிஎஃப் என்றால், ஒருமுறை இறக்கிக்கொண்டு இணையம் இல்லாமலே படிக்கலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: யுனிகோடு இல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய வேர்ட் கோப்பைக் கைப்பேசியில் திறந்தால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்தாம் தெரியும்.