ஆஸ்பத்திரிக் கணக்கில் வராத செலவு

"வார்டுல கட்டில் எல்லாம் காலி. டொக்டருக்கும் நேர்ஸ்மாருக்கும் சும்மா சம்பளம். இந்த ஆஸ்பத்திரி ஊருக்கு எதுக்கு?" சின்னப் பிரதேச வைத்தியசாலைகளைப் பற்றி இப்படித்தான் பலர் பேசுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வைத்தியசாலைச் செலவில் பெரும்பங்கு சம்பளம். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அது குறையாது. உதாரணத்துக்கு, மாதம் 20 இலட்சம் செலவாகும் இடத்துக்கு 4,000 பேர் வந்தால் ஒருவருக்கு 500 ரூபா. 1,000 பேர் வந்தால் 2,000 ரூபா. மருந்துச் செலவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆகவே தலைக்குச் செலவு கூடிவிட்டது என்றால் அங்கே வீண்விரயம் என்றுதான் அர்த்தம் என்றில்லை. நாம் அங்கே போகவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

நாம் எங்கே போகிறோம்? சாதாரண தடிமன் காய்ச்சலுக்கும் ஆதார வைத்தியசாலைக்கு. அங்கே விடியற்காலையிலேயே வரிசை, டொக்டரிடம் ஓரிரு நிமிடம். கட்டில் நிறைய ஆள், தலைக்குச் செலவும் குறைவு. கணக்கில் அதுதான் 'வினைத்திறன்' கூடிய வைத்தியசாலை!

இந்தக் கணக்கில் எங்கள் செலவு வருவதில்லை. ஓட்டோ கூலி, இழந்த நாட்கூலி, "இதை வெளியில வாங்குங்க" என்று தரும் துண்டு. வைத்தியசாலை மருந்து வாங்காவிட்டால் அதன் செலவு குறையும், எங்கள் செலவு கூடும். 2022 நெருக்கடியில் அதைக் கண்ணால் கண்டோம். 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணத்தை நீக்கிய நாடு இது. இன்று மொத்த சுகாதாரச் செலவில் பாதிக்குக் கிட்ட மக்கள் பையிலிருந்துதான் போகிறது.

எனவே அளப்பதென்றால் இவற்றையும் அளக்க வேண்டும்: பிரஷர், சீனி மருந்து மாதத்தில் எத்தனை நாள் இல்லாமல் இருந்தது? இரத்தப் பரிசோதனை அங்கேயே நடந்ததா? கிளினிக்குக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது? இவற்றைப் பார்க்காமல் காலிக் கட்டிலை மட்டும் எண்ணி ஒரு வைத்தியசாலையைத் தரமிறக்கினால், செலவு மிச்சமாகாது. அது ஏழை வீட்டுக்கு இடம் மாறும்.

நமக்கும் பொறுப்பு உண்டு. சின்ன வருத்தத்துக்கு முதலில் ஊர் வைத்தியசாலைக்குப் போவோம். நன்கொடை தரும் தனவந்தர்களே, இன்னொரு கட்டிலும் பெயர்ப்பலகையும் வேண்டாம். அபிவிருத்திக் குழுவிடம் எது குறைவு என்று கேட்டுக் கொடுங்கள். கொடுக்கும் மெஷினைத் திருத்த ஆள் இருக்கிறதா, அதற்கான சாமான் மாதாமாதம் யார் வாங்குவது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.