புறம்போக்கு யாருடைய நிலம்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

‘புறம்போக்கு’ என்னும் சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. உருப்படாதவன் ஒருவனைத் திட்ட வேண்டுமானால் முதலில் நாவில் வருவது அதுதான். ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அதன் பொருள் வேறு. தீர்வை விதிக்காமல் புறத்தே விடப்பட்ட நிலம் என்பதே அது. எதற்காக விட்டார்கள்? மாடு மேய, கதிர் அடிக்க, கண்மாய்க்குத் தண்ணீர் வர, வண்டி போக, இறந்தவரைப் புதைக்க! ஊரில் எல்லாருக்கும் வேண்டிய நிலத்தின் பெயர், எவருக்கும் வேண்டாதவனின் பெயராக மாறியது எவ்வாறு? இதனை எண்ணிப் பார்த்தால் நம் சாலையோரங்களில் குப்பைமேடுகள் எழுந்த கதையும் கூடவே விளங்கும்.

நான் ஆனைக்குட்டத்திலிருந்து கல்லூரிக்கு வருபவன். பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைக்கும் நாள்களில் வழிநெடுகப் பார்த்துக்கொண்டே வருவேன். சாலையிலிருந்து பார்த்தால் சீமைக்கருவேலம் பச்சைப் பசேலென்று தெரியும். இறங்கிப் பத்தடி உள்ளே நடந்தால்தான் உண்மை தெரியும். இடித்த வீட்டின் காரையும் செங்கல்லும், கோழிக்கடைச் சாக்குகள், கிழிந்த மெத்தை, அச்சகங்களிலிருந்து வந்த லேமினேஷன் துணுக்குகள். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒன்று கண்ணில் பட்டது. அச்சகத்து வெட்டுத்தாள் ஒரு பிடிகூட அங்கு இல்லை! சிவகாசியைச் சுற்றி இத்தனை அச்சகங்கள் இருந்தும் ஏன் இல்லை? வெட்டுத்தாள் எடைக்குப் போகிறது. அதே தாளின்மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டிவிட்டால் வாங்குவாரில்லை, ஓடைக்கு வந்துவிடுகிறது. காசு பெறும் கழிவு புறம்போக்குக்கு வருவதில்லை.

ஆகவே, “மக்களுக்கு அறிவில்லை, சுத்தம் பற்றிய உணர்வில்லை” என்று பேச்சுப் போட்டிகளில் முழங்குவதை நான் முழுதும் ஏற்கமாட்டேன். தெருவில் வாழைப்பழத்தோலை எறிபவனுக்கு அது பொருந்தலாம். நள்ளிரவு 2 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு லாரியைக் கருவேலங்காட்டுக்குள் திருப்புகிறவன் அறிவில்லாதவனா? நம்மைவிடக் கணக்குத் தெரிந்தவன் அவன். முறையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆகும் செலவென்ன, இங்கே தட்டிவிட்டால் மிச்சமாவதென்ன, பிடிபட வாய்ப்பெவ்வளவு என்று மூன்றையும் பார்த்துத்தான் வருகிறான். அந்தக் கணக்கை மாற்றாமல் அறிவுரை கூறிப் பயனில்லை.

2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் நடந்ததை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேரளத்து மருத்துவமனைகளின் கழிவு அங்கே கொட்டிக் கிடந்தது. சுத்திகரிக்காத மருத்துவக் கழிவை 48 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக்கூடாது, பைகளில் பட்டைக் குறியீடு இருக்க வேண்டும் என்றெல்லாம் 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்லியிருந்தன. விதி இருந்தது, லாரியும் வந்தது! ஆயினும் குவியலுக்குள் கிடந்த தாள்களில் மருத்துவமனைகளின் பெயர்கள் இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. கேரள அரசே லாரிகளை அனுப்பி அத்தனையையும் அள்ளிக்கொண்டு போயிற்று. இடைநின்றவர்கள் கைதானார்கள். 2025இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவைக் கொட்டுவோரையும் அதில் சேர்த்தது.

சிறைக்கு அஞ்சுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அந்தத் துண்டுத்தாள்கள்தாம். குப்பைக்கும் ஊரும் பேரும் உண்டு. அதைப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். இடித்த காரையில் பெயர் எழுதியிருக்காதே என்பீர்கள். நம் பகுதி லாரிக்காரர்களுக்கு எடைமேடை ரசீது புதிதன்று. பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட அனுமதி கேட்பவரிடம், இடிபாட்டை உரிய இடத்தில் சேர்த்த ரசீதைக் கேட்டால் என்ன? அந்த உரிய இடமும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 20 கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு ரசீது கேட்டால் பொய் ரசீதுதான் வரும்.

நிலத்துக்கு வருவோம். எங்கள் ஊர்ப்பக்கம் பையன்கள் வாலிபால் வலை கட்டிய பொட்டலில் குப்பை இல்லை. ஆட்டுக்கிடை போடும் இடத்திலும் இல்லை. சற்றுத் தள்ளி ‘இங்கு குப்பை கொட்டாதீர்’ என்று பலகை நட்ட இடத்தில் மலைபோல் கிடக்கிறது! பலகை, தேடி வருபவனுக்கு வழிகாட்டியாகத்தான் பயன்படுகிறது. ஆள் நடமாடும் நிலம் தன்னைக் காத்துக்கொள்கிறது. ‘தரிசு’ என்று நாம் கைவிட்டதுதான் குப்பைமேடாகிறது. சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் வெறும் பாழ்நிலமாகக் கருதித்தான் பெருங்குடியில் மாநகரத்துக் குப்பையைக் கொட்டினார்கள். 2022இல் அதே சதுப்பு நிலம் உலகச் சிறப்புடைய ராம்சார் தலங்களுள் ஒன்றாயிற்று.

ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. வேலி போட்டு வீடு கட்டினால்தான் ஆக்கிரமிப்பா? நாலு லோடு கழிவைத் தட்டி, பத்தாண்டுக்கு எவரும் கால்வைக்க முடியாதபடி செய்தவனும் நிலத்தைப் பறித்தவனே.

எங்கள் ஊரில் இது வெறும் அழகுப் பிரச்சினையும் அன்று. அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே கட்டிய ஆனைக்குட்டம் அணை, விருதுநகர் நகரத்துக்குக் குடிநீர் தருவது. ஆற்றுக்கு வரும் ஓடைகளின் புறம்போக்கில் கோடையில் கொட்டியதை ஐப்பசி மழை அங்கேயே விட்டுவைக்குமா? பட்டாசுக் கழிவு மருந்தைக் காட்டில் வீசுவது இதனினும் கொடிது. அதைக் குப்பை என்று சொல்வதே தவறு, அது வெடி. ஆடு மேய்க்கும் சிறுவனின் கைக்குத்தான் அது முதலில் கிடைக்கும்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒருநாள் துடைப்பம் எடுத்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம். நானும் நின்றிருக்கிறேன் அந்தப் படத்தில். அடுத்த வாரமே பழைய இடத்தில் புது லோடு! வரும் ஏழு நாள் முகாமில் வேறொன்று செய்யலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் கேட்டு, ஒரே ஒரு புறம்போக்குப் புல எண்ணை எடுத்துக்கொள்வோம். எல்லையைக் காண்போம். சாலையோரக் கருவேலத்தை வெட்டி உள்ளே கண்ணுக்குத் தெரியும்படி செய்வோம். லாரி நுழையும் இடத்தில் குழி வெட்டி, ஆடு மாடு நுழைய வழி விடுவோம். அதில் என்ன வேண்டும், மேய்ச்சலா, களமா, விளையாட்டுத் திடலா என்று ஊராரே கிராமசபையில் சொல்லட்டும். நகரத்தில் பகுதி சபை இருக்கிறது. எங்கள் ஊருக்கு முகாம் வருவதானால் புல எண்ணை நான் இப்போதே பார்த்துவைத்திருக்கிறேன். வாலிபால் வலைக்கு மட்டும் கல்லூரி உதவ வேண்டும்.