வெற்று நிலம் என்று ஒன்று உண்டா?

கைப்பேசி வரைபடத்தில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தைத் தேடிப் பாருங்கள். சில நெடுஞ்சாலைகளையும் சிற்றூர்களையும் தவிர, நடுப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே தெரியும்.

அதே மேய்ச்சல் பாலைவனத்துக்கு அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் சென்ற நூற்றாண்டில் வெளியிட்ட நில அமைப்பு வரைபடங்கள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பழுப்புக் கோடுகள் மலைகளின் உயரத்தைச் சொல்கின்றன. விட்டுவிட்டுச் செல்லும் நீலக் கோடுகள், சில காலம் மட்டுமே நீரோடும் ஓடைகள். ஊற்று, கிணறு, மாட்டுப்பட்டி எல்லாம் குறிக்கப்பட்டுள்ளன. வறண்ட நிலத்தில் ஓர் ஊற்று என்பது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

இதை மறந்தால் என்ன ஆகும்? 1979இல் அமெரிக்க அரசு, 200 எம்.எக்ஸ். ஏவுகணைகளை 4,600 காப்பறைகளுக்கிடையே இடம் மாற்றி மறைத்து வைக்கத் திட்டமிட்டது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் நெவாடா, யூட்டா பள்ளத்தாக்குகள். கால்நடை வளர்ப்போரும் மேற்கு ஷோஷோனி பழங்குடியினரும் எதிர்த்தனர். தண்ணீருக்கு எங்கே போவது என்பது அவர்களின் முக்கியக் கேள்விகளுள் ஒன்று. 1981இல் அதிபர் ரீகன் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

பழைய வரைபடமும் முழுமையானதன்று. ஷோஷோனி மக்கள் தம் மொழியில் இட்ட பெயர்களில் பெரும்பாலானவை அதில் இல்லை.

புவியியல் தேர்வுக்காகக் குறியீடுகளை மனனம் செய்யும் நாம், இன்னொன்றையும் கேட்கப் பழக வேண்டும்: இதை வரைந்தவர் யார், யாருக்காக வரைந்தார், எதை விட்டுவிட்டார்? வரைபடத்தில் இல்லாத காரணத்தால் ஒருவருடைய வீடு இல்லாமல் போய்விடாது.