பொறுமை மருந்தாகாது

பிரசவ வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதே பெண்ணின் கடமை என்றும், அதைத் தணிக்க ஊசி மருந்தைத் தவிர வேறு வழியே இல்லை என்றும், படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடின்றிப் பலரும் நம்பி வருகின்றனர். இந்நம்பிக்கையின் முதற்பாதி கொடியது, பிற்பாதி பிழையானது. இடுப்புவலி கண்டு வந்தவளைக் கட்டிலில் மல்லாத்திப் படுக்கவைத்து, உடன்வந்த தாயை வாசலிலேயே நிறுத்தி, கதறினால் கடிந்துகொள்ளும் வழக்கத்துக்கு இவ்விரண்டும் சேர்ந்தே நியாயம் கற்பித்துவிட்டன.

மல்லாந்து கிடப்பதுதான் காலங்காலமான முறை என்பதும் உண்மையன்று. இருபுறமும் தோழியர் தாங்க, நின்றபடியே குழந்தை பெறும் பெண்ணைக் காட்டும் தென்னிந்தியச் சிற்பங்கள் உண்டு. ஐரோப்பாவில் பிரசவ நாற்காலிக்குப் பதிலாகக் கட்டிலைப் பரிந்துரைத்தவர் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா மோரிசோ. கட்டிலில் மல்லாந்த நிலை பிரசவம் பார்ப்பவரின் கைக்கு வசதியானது. ஆனால் மல்லாந்து படுத்தவளின் நிறைமாதக் கருப்பை, உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துவதால், கருப்பைக்கு வரும் இரத்தமும் குறையக்கூடும். வலி தொடங்கியது முதல் கருப்பை வாய் முழுதும் விரியும் வரையிலான முதற்கட்டத்தில், நடந்தும் நிமிர்ந்து அமர்ந்தும் இருந்த பெண்களுக்கு அக்கட்டம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுருங்கியதையும், முதுகுத்தண்டுப் பகுதியில் செலுத்தும் மரப்பு மருந்தின் தேவை குறைந்ததையும், பல ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்டு 2013இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு எடுத்துக்காட்டியது.

அச்சம் தசையை இறுக்கும், இறுக்கம் வலியைக் கூட்டும், கூடிய வலி அச்சத்தை வளர்க்கும் என்று பிரிட்டிஷ் மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் விளக்கினார். வலி முழுவதையும் அச்சத்தின் விளைவாகவே அவர் கருதியது மிகை என்றாலும், அச்சத்தில் பெருகும் அட்ரினலின் என்னும் சுரப்பு கருப்பையின் சுருக்கத்தைத் தடைப்படுத்தக்கூடும் என்பதால், கடிந்து பேசுவது பண்பற்ற செயல் மட்டுமன்று, மருத்துவப் பிழையுமாகும். அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொள்ளும் தாயோ அக்காளோ தரும் தைரியம் இந்தச் சுழலை அறுக்கிறது. அவர்கள் இடுப்பை அழுத்தித் தேய்ப்பதும் வெறும் ஆறுதலன்று: தொடுவுணர்வு, தண்டுவடத்தில் வலிச்செய்தியின் வாயிலை ஓரளவு அடைக்கிறது என்னும் கோட்பாட்டை மெல்சாக், வால் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1965இலேயே முன்வைத்தனர். வெந்நீர் ஒத்தடமும் நிதானமான மூச்சும் வலியோடு ஒத்துப்போகத் துணைசெய்கின்றன.

இவை வலியை அறவே போக்கிவிடும் என்று பெண்களுக்கு உறுதி கூறுவது மற்றொரு ஏமாற்று; இவற்றுக்கு அடங்காத வலியில் மருந்து கேட்பவளைக் கோழை என்பது, பழைய கொடுமையே புதிய பெயரில் வருவதாகும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகளில், விரும்பிய துணை, நடமாட்டம், மூச்சுப் பயிற்சி, ஒத்தடம் ஆகியவற்றோடு மரப்பு மருந்தும் இடம்பெற்றிருக்கிறது.

பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்துவதற்கான இந்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் பிரசவத் துணையை ஏற்கிறது. ஆகவே, பிரசவ அறைப் பொறுப்பில் உள்ள மருத்துவர்களும் செவிலியர்களும், இடரில்லாத பிரசவங்களிலேனும் பெண்ணை எழுந்து நடக்க விட வேண்டும். வாசலில் காத்திருக்கும் தாயை இன்றே உள்ளே அழைக்க வேண்டும்.