யந்திர விசாரணை: காய்ச்சல் கண்ட படகு

பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பைபர் படகுக்கு வயது 15. பின்புறம் மாட்டியுள்ள அவுட்போர்டு மோட்டாருக்கும் ஏறக்குறைய அதே பிராயம். புறப்பட்டுக் கால் மணி நேரம் ராஜநடை போடுகிறதாம். பிறகு மூச்சு வாங்குகிறது, கருகல் நாற்றம் வீசுகிறது, நின்றுவிடுகிறது. அரை மணி ஆறவிட்டால் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி கிளம்புகிறது. ஏரிக்குள் நின்றால் கழியை ஊன்றிக் கரை சேரலாம். முகத்துவாரத்தில், நீரோட்டமும் அலையும் மோதுகிற இடத்தில் நின்றுவிட்டால்? படகில் இருக்கும் நாலு பேருக்கும் வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே!

"புது மோட்டார் வாங்கு என்கிறார்கள்; வாங்கத்தான் வேண்டுமா?" என்பது அவர் கேள்வி. அவசரம் வேண்டாம்.

மோட்டார் கார் தனக்கு வேண்டிய ஜலத்தைத் தானே சுமந்து செல்கிறது. படகு மோட்டாரோ ஏரியிடம் கடன் வாங்குகிறது. அடிப்பாகத்திலுள்ள சல்லடைத் துவாரங்கள் வழியாக ஜலம் புகுந்து, இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரத்தால் மேலே தள்ளப்பட்டு, சிலிண்டரைச் சுற்றிக் குளிர்வித்துவிட்டு வெளியேறுகிறது. அதில் ஒரு சிறு பங்கு பக்கத் துவாரம் ஒன்றினால் தாரையாகப் பீச்சும். அதுதான் நோயாளியின் நாடி.

தாரை நின்றுபோனால் உடனே மோட்டாரை நிறுத்தி, தூக்கிப் பார்க்க வேண்டும். பாசியோ பிளாஸ்டிக் பையோ சல்லடையை மூடியிருக்கலாம். (நாம் கரையில் எறிந்த பைதான், வேறு யாருடையது?) சல்லடை சுத்தமாக இருந்தால், தாரை வரும் துவாரத்தில் மெல்லிய கம்பியை நுழைத்துப் பார்க்கலாம். உப்பும் சேறும் அதை மட்டும் அடைத்திருந்தால் மோட்டார் உண்மையில் சூடேறியிராது. ஐயமிருந்தால் சிலிண்டர் தலைமீது ஒரு சொட்டு ஜலம் விடுக. சுர்ரென்று பொங்கினால் காய்ச்சல் மெய்யே. அதற்காகக் குடத்து ஜலத்தைக் கொட்டிவிடக் கூடாது. கொதிக்கும் உலோகம் திடீரென்று குளிர்ந்தால் வெடிப்புக் காணும்.

நம் அன்பர் விஷயத்தில் என் சந்தேகம் இம்பெல்லர் மேல்தான். பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு ஆழங்கூட இல்லை. விசிறி கலக்கும் சேற்று மணல் ரப்பர் இதழ்களை அரம்போல் தேய்க்கும். போதாக்குறைக்கு, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று கரையிலே ஜலமின்றி மோட்டாரை முடுக்கும் வழக்கம் ஒன்றுண்டு. ஜலமில்லாவிடில் ரப்பர் சில விநாடிகளிலேயே கருகத் தொடங்கும். வருஷக் கணக்கில் மாற்றாத இம்பெல்லரின் இதழ்கள் வளைந்தபடியே விறைத்துப் போயிருக்கும். மெதுவாகப் போகும்போது ஓரளவு ஜலம் ஏற்றும், வேகம் கூட்டினால் கைவிடும்.

தாரை நன்றாக வந்தும் சூடேறுவதுண்டு. அப்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பல மோட்டார்களில் சாட்சித் தாரை அந்தக் கதவைத் தாண்டி வருவதில்லை. ஆகவே கதவு மூடிக்கிடந்தாலும் தாரை பொய்ச்சாட்சி சொல்லும்! பாத்திரத்து ஜலத்தில் அதைத் தொங்கவிட்டுக் காய்ச்சினால், பெரும்பாலானவை 50 முதல் 60 டிகிரிக்குள் திறக்கும். கொதி வந்தும் திறவாததைத் தூர எறியலாம்.

பழைய படகுக்கென்றே சில வியாதிகள் உண்டு. அடியில் ஒட்டிய சிப்பி, உள்ளே ஊறிய ஜலம், இவற்றின் பாரத்தை மோட்டார் இழுத்தாக வேண்டும். மோட்டாரைத் தாங்கும் பின்பலகை உளுத்துச் சாய்ந்திருந்தால் மோட்டாரும் சாயும். உயரமான பலகையில் குட்டைத் தண்டு மோட்டாரை மாட்டினாலோ, சல்லடை ஜலமட்டத்துக்கு ஏறி ஜலத்தோடு காற்றையும் உறிஞ்சும்.

புது இம்பெல்லரைப் பூட்டும்போது தண்டைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பிக்கொண்டே இறக்க வேண்டும். பெரும்பாலான மோட்டார்களுக்கு அதுவே முறை. பழையதை உடனே குப்பையில் போட்டுவிட வேண்டாம். அதன் இதழ்களை எண்ணிப் பார்த்து, எத்தனை ஒடிந்திருக்கின்றனவோ அத்தனை துண்டுகளையும் மேலே செல்லும் குழாயில் தேடி எடுத்தாக வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும், புது ரப்பருடன் பழைய காய்ச்சல் திரும்பி வரும்.